ரோபோவுக்குக் காது கொடுத்த கிண்டி மாணவர்

சென்னையிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைத் தாண்டினால் இருங்காட்டுக்கோட்டை, அடுத்து ஸ்ரீபெரும்புதூர், அங்கிருந்து தெற்கே திரும்பினால் ஒரகடம். 1998-ல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கிய பிறகு இந்தப் பகுதியின் முகமே மாறிவிட்டது. 2006-ல் நோக்கியா வந்தது (2014-ல் மூடிவிட்டார்கள்). 2007-ல் டெல் கம்ப்யூட்டர் தொழிற்சாலை வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். கார் தொழிற்சாலைகளில் வரிசையாக நின்று பாடியை வெல்டிங் செய்யும் ரோபோ கைகளைப் பார்க்கும் பாலிடெக்னிக் மாணவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். இதையெல்லாம் கண்டுபிடிப்பவர்கள் எங்கே படித்தவர்கள்? நம்மைப் போன்றவர்களுக்கு அது எட்டுமா?

இங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த ஒருவரைப் பற்றிச் சொன்னால் போதும். பெயர் ராஜ் ரெட்டி. 1937-ல் அன்றைய சென்னை மாகாணத்தின் சித்தூர் மாவட்டத்தில் காட்டூர் என்ற கிராமத்தில் பிறந்தவர். அப்பா விவசாயி. அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் இவர்தான். 1958-ல் கிண்டியில் பட்டம் வாங்கினார். என்ன பிரிவு என்று நினைக்கிறீர்கள்? கம்ப்யூட்டர் அல்ல, சிவில் இன்ஜினியரிங்!

மேற்படிப்புக்கு ஆஸ்திரேலியா போன இடத்தில்தான் கம்ப்யூட்டர் பழக்கமானது. அங்கே ஐ.பி.எம். நிறுவனத்தில் 3 ஆண்டுகள் வேலை பார்த்தார். நல்ல வேலைதான். அதை விட்டுவிட்டு, செயற்கை நுண்ணறிவு என்ற துறைக்குப் பெயர் வைத்த ஜான் மெக்கார்த்தியிடம் படிக்க ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே கையில் எடுத்த கேள்வி இதுதான்: மனிதன் பேசுவதைக் கம்ப்யூட்டர் புரிந்துகொள்ளுமா? 1966-ல் டாக்டர் பட்டம் கிடைத்தது. கேள்வி மட்டும் முடியவில்லை.

பேச்சில் என்ன கஷ்டம்?

கீபோர்டில் 'அ' அடித்தால் ஒவ்வொரு தடவையும் ஒரே எண்தான் கம்ப்யூட்டருக்குள் போகும். மைக்கில் 'அ' என்று சொன்னால் அப்படி இல்லை. ஒலி அலையை ஒரு வினாடிக்குப் பல ஆயிரம் முறை அளந்து எண்களாக மாற்றுகிறார்கள். நீங்கள் சொல்லும்போது ஒரு மாதிரி எண்கள், உங்கள் பாட்டி சொல்லும்போது வேறு மாதிரி. ஜலதோஷம் பிடித்தால் இன்னொரு மாதிரி. போதாக்குறைக்கு, எழுதும்போது வார்த்தைகளுக்கு நடுவே இடம் விடுகிறோம், பேசும்போது விடுவதில்லை. 'வந்து விட்டான்' என்று யார் பேசுகிறார்கள்? 'வந்துட்டான்' தான்.

பஸ் கண்டக்டரைக் கவனித்திருப்பீர்கள். காஞ்சிபுரம் பஸ்ஸில் கூட்டத்துக்கு நடுவே யாரோ '...சத்திரம் ரெண்டு' என்று கத்துகிறார். கண்டக்டர் யோசிக்காமல் சுங்குவார்சத்திரத்துக்கு இரண்டு டிக்கெட் கிழிக்கிறார். பாதி வார்த்தைதான் காதில் விழுந்தது. ஆனால் அந்த ரூட்டில் என்னென்ன ஸ்டாப் உண்டு என்பது அவருக்குத் தெரியும். மீதியை அந்த அறிவு நிரப்பிவிட்டது.

ராஜ் ரெட்டியும் கூட்டாளிகளும் செய்ததும் இதைத்தான். 1969-ல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அவர், 'ஹியர்சே' என்ற சாஃப்ட்வேரை உருவாக்கும் குழுவை நடத்தினார். ஒலி தெரிந்த ஒரு புரோகிராம், சொற்கள் தெரிந்த ஒன்று, இலக்கணம் தெரிந்த ஒன்று எனப் பல புரோகிராம்கள் ஒரே கரும்பலகையில் தங்கள் ஊகத்தை எழுதும். ஒன்று எழுதியதை மற்றொன்று திருத்தும். 1976-ல் வந்த 'ஹார்ப்பி' சுமார் 1,000 வார்த்தைகளைப் புரிந்துகொண்டது. ஒரு பள்ளிப் பிள்ளைக்குத் தெரிந்த அளவுகூட இல்லைதான்! ஆனால் அன்றைய கம்ப்யூட்டர்களுக்கு அது பெரிய சாதனை.

இதே மனிதர்தான் 1979-ல் அங்கே தொடங்கப்பட்ட ரோபோடிக்ஸ் இன்ஸ்டிடியூட்டின் முதல் இயக்குநர். 1994-ல் கம்ப்யூட்டர் துறையின் நோபல் என்று சொல்லப்படும் டூரிங் விருது, எட்வர்ட் ஃபீகன்பாம் என்பவரோடு சேர்த்து இவருக்குக் கிடைத்தது.

எனக்கு விருதைவிடப் பெரிதாகத் தெரிவது ஒரு சம்பவம். 1980-களில் காய்-ஃபூ லீ என்ற மாணவர் இவரிடம் ஆராய்ச்சி செய்தார். நிபுணர்களின் அறிவை விதிகளாக எழுதித் தரும் வழி சரிப்படாது, ஏராளமான பேச்சுப் பதிவுகளைக் கொடுத்துப் புள்ளியியல் கணக்கில் கம்ப்யூட்டரையே கற்றுக்கொள்ள விடலாம் என்றார். குருவின் வழிக்கே எதிரான யோசனை. உன் கருத்து எனக்குச் சம்மதமில்லை, ஆனாலும் நீ செய்து பார்க்க என் ஆதரவு உண்டு என்று ராஜ் ரெட்டி சொன்னதாக லீ பின்னாளில் எழுதியிருக்கிறார். அந்த மாணவர் செய்த 'ஸ்ஃபிங்க்ஸ்' ஜெயித்தது. உங்கள் செல்போன் இன்று பேச்சைப் புரிந்துகொள்வதும் பதிவுகளிலிருந்து கற்கும் அந்த வழியில்தான்.

மாணவர்கள் இதில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. சிவில் படித்தவர் கம்ப்யூட்டருக்குப் போனார் என்பதால் உங்கள் டிப்ளமோவில் என்ன பெயர் அச்சாகியிருக்கிறது என்பதற்காகக் கவலைப்பட வேண்டாம். ஆனால் கணக்கை விட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் இந்தத் துறையில் நுழைய முடியாது. ஆறு மாதத்தில் முடியும் புராஜெக்டைக் கடையில் விலைக்கு வாங்கும் பழக்கம் நம் கல்லூரிகளில் இருக்கிறது. அதில் பணம் மட்டுமல்ல, யோசிக்கக் கிடைத்த வாய்ப்பும் போகிறது. ஆசிரியர் சொன்னதை மறுக்கவும் செய்யலாம், ஆனால் லீ போல செய்து காட்ட வேண்டும்.

வேலையும் மிச்சம் இருக்கிறது. செய்தித் தமிழைப் புரிந்துகொள்ளும் சாஃப்ட்வேர், நெல்லைத் தமிழிலும் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் பேசும் பேச்சிலும் தடுமாறுகிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் ஏஐ4பாரத் குழு இந்திய மொழிப் பேச்சுகளைச் சேகரித்து ஆராய்கிறது. மொஸில்லாவின் காமன் வாய்ஸ் தளத்தில் நீங்களே தமிழ் வாக்கியங்களைப் படித்துப் பதிவு செய்து தரலாம். செலவில்லை.

முதலில் உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு சோதனை செய்து பாருங்கள். குரோம் பிரவுசரில் கூகுள் டாக்ஸ் திறந்து, டூல்ஸ் மெனுவில் வாய்ஸ் டைப்பிங்கைக் கிளிக் செய்யுங்கள். மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுத்து மைக் படத்தை அழுத்துங்கள். ஒரு செய்தியைப் படியுங்கள். அடுத்து, வீட்டில் பேசுவது போலப் பேசுங்கள். இரண்டிலும் எத்தனை வார்த்தை தப்பாக விழுகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்த எழுத்துகளில் அதிகம் தப்புகிறது என்பதையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.