மரம் இருக்கும் இடத்துக்கே வரும் சாமில்!

ராமநாதபுரம் சீமையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணில் படும் மரம் எது?

சீமைக் கருவேலம்!

கண்மாய்க்குள் நிற்கிறது. தரிசு நிலத்தில் நிற்கிறது. கடற்கரை உப்பு மண்ணிலும் நிற்கிறது. 1877-ல் இந்தியாவுக்கு வந்த மரம் இது. வந்த விருந்தாளி வீட்டையே பிடித்துக்கொண்டது போல் ஆகிவிட்டது! இதை அகற்ற வேண்டும் என்று 2017-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. பிறகு அந்த உத்தரவுக்குத் தடையும் வந்தது. மரம் மட்டும் வளர்ந்துகொண்டே இருக்கிறது.

இந்த மரத்தைத் திட்டாதவர் இல்லை. ஆனால் இதை வெட்டிக் கரி சுட்டுத்தான் முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடி பக்கம் பல குடும்பங்களில் உலை கொதிக்கிறது.

100 கிலோவுக்கு 20 கிலோ

விறகை அடுக்கி, தழையால் மூடி, மேலே மண் பூசித் தீ வைப்பார்கள். இதுதான் கரிமூட்டம். இரவு பகலாகக் காவல் இருக்க வேண்டும். மண்ணில் ஓட்டை விழுந்தால் உள்ளே காற்றுப் புகுந்து, கரி சாம்பலாகிவிடும்.

இத்தனை பாடுபட்டும் 100 கிலோ விறகுக்கு ஏறத்தாழ 20 கிலோ கரிதான் மிஞ்சும். விரல் பருமன் குச்சிக்கும் இதே கதி. இடுப்பளவு பருத்த அடிமரத்துக்கும் இதே கதி!

அந்த அடிமரத்தில்தான் வைரம் இருக்கிறது. செம்பழுப்பு நிறம். நல்ல கனம். காயும்போது அதிகம் சுருங்காது, எளிதில் முறுக்கிக்கொள்ளாது. இதே இனத்து மரத்தில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நாற்காலி, மேசை செய்கிறார்கள். வீட்டுத் தரைக்கும் பதிக்கிறார்கள். அர்ஜென்டினாவில் கதவு செய்கிறார்கள்.

இங்கே ஏன் செய்வதில்லை? மரம் நேராக வளர்வதில்லை. நாலடி, ஐந்தடிக்குள் ஒரு கோணல் வந்துவிடும். அந்தக் குட்டைக் கட்டையை லாரியில் ஏற்றி ஊர் மரவாடிக்குக் கொண்டுபோனால், வாடகைக்கே காசு சரியாகிவிடும்.

அப்படியானால் மரவாடியே மரத்தடிக்கு வந்தால்?

தண்டவாளத்தில் ஓடும் ரம்பம்

வரும்! அதற்கென்றே ஓர் இயந்திரம் இருக்கிறது. 1982 முதல் அமெரிக்காவில் இதைச் செய்து விற்கிறார்கள். இப்போது இந்தியாவிலும் கிடைக்கிறது.

சிறிய தண்டவாளம் போல் ஒரு சட்டம். அதன்மேல் மரத்தைக் கிடத்தி இறுக்கிவிட வேண்டும். மரம் அசையாது. ரம்பம்தான் நகர்ந்து வரும். இரண்டு சக்கரங்களில் பெல்ட் போல் மாட்டிய மெல்லிய எஃகுப் பட்டை அது. ஒரு ஓரம் முழுக்கப் பல். என்ஜின் சக்கரத்தைச் சுழற்ற, பட்டை பறக்கிறது. சூடு ஏறாமல் இருக்க அதன்மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும்.

முன்பெல்லாம் மரத்தைச் சாரத்தில் ஏற்றி, கரி நூல் அடித்து, மேலே ஒருவர், கீழே ஒருவர் நின்று பெரிய ரம்பத்தை இழுப்பார்கள். கீழே நிற்பவர் கண்ணெல்லாம் மரத்தூள்!

பட்டை ரம்பத்தின் பெரிய லாபம் அதன் மெல்லிய பல்தான். வட்ட ரம்பம் ஒருமுறை அறுத்தால் 5, 6 மில்லி மீட்டர் மரம் தூளாகப் போகும். பட்டை ரம்பத்தில் 2 மில்லி மீட்டர்தான். பத்து முறை அறுத்தால் 30, 40 மில்லி மீட்டர் மிச்சம். ஓர் அங்குலப் பலகை கூடுதலாகக் கிடைத்துவிடும்!

ஆணி ஒன்று போதும்

வாங்கியவுடன் பணம் கொட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. கடற்கரைக் காற்றில் பறக்கும் மணல் மரப்பட்டைக்குள் புகுந்திருக்கும். பட்டையை உரிக்காமல் அறுத்தால் பல் மழுங்கிவிடும். வீட்டோரத்து வேம்பு என்றால் இன்னும் மோசம். தாத்தா காலத்தில் யாரோ கொடி கட்ட அடித்த ஆணி உள்ளே மறைந்திருக்கும். அதில் பட்டால் ரம்பப் பட்டை வீண். அறுந்த பட்டை சாட்டை போல் வீசவும் கூடும். ஓடும் ரம்பத்துக்கு நேரே ஆள் நிற்கவே கூடாது. குழந்தைகளை அருகே விடக் கூடாது.

கடன் வாங்கி வாங்குபவர் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் கண்மாயில் தண்ணீர் நின்றால் மரம் வெட்ட முடியாது. தவணைக்கு மழைக்காலம் தெரியுமா? வெட்டுகிற மரம் யாருடையது, இயந்திரத்துக்கு உரிமம் வேண்டுமா என்பதை முதலிலேயே வனத்துறை அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. 1996-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்டதிலிருந்து சாமில்கள் மீது கண்டிப்பு அதிகம்.

கலாம் பார்த்த படகு

அறுத்த பலகையை அன்றே விற்க முடியாது. நிழலில், இடையிடையே குச்சி வைத்து, காற்று புகும்படி அடுக்க வேண்டும். இரு முனைகளிலும் பெயின்ட் பூசினால் வெடிப்பு குறையும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. வெயிலும் காற்றும் உள்ள ஊரில் அதற்கு முன்பே காய்ந்துவிடும்.

ராமேசுவரத்தில் அப்துல் கலாம் ஆறு வயதுச் சிறுவனாக இருந்தபோது, அவருடைய தந்தை ஜைனுலாப்தீன் ஒரு மரப்படகு கட்டினார். யாத்திரிகர்களைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிச் செல்வதற்காக! படகின் மரத்தை விறகுத் தீயின் சூட்டில் பதப்படுத்தியதைக் கலாம் தம் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். பின்னாளில் ஒரு புயல் அந்தப் படகைக் கொண்டுபோய்விட்டது.

பதப்படுத்த அன்று வேண்டியிருந்தது விறகு. இன்றும் விறகுக்குப் பஞ்சமில்லை. நல்ல அடிமரம் பலகையாகப் போனாலும் கிளை, கோணல், ஓரக் கட்டை எல்லாம் மிஞ்சும். மரத்தில் பெரும்பங்கு அதுதான். அது வழக்கம்போல் கரிமூட்டத்துக்குப் போகும்.