மூழ்கினாரா, பிழைத்தாரா?

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது நடந்தது. எங்கள் தெருவில் ஓர் அம்மாளின் மூத்த பிள்ளை கல்கத்தாவில் உத்தியோகம் பார்த்து வந்தார். அவருடைய அறைத் தோழர் வங்காளி, தமிழ் அறியாதவர். அவரிடமிருந்து ஒரு நாள் இங்கிலீஷில் கடிதம் வந்தது. ஹூக்ளி நதியில் படகிலிருந்து பிள்ளை தவறி விழுந்துவிட்டாராம். முதல் தாளின் கடைசி வரி, 'ஹீ மைட் ஹாவ் ட்ரௌண்ட்' என்று முடிந்திருந்தது. படித்துச் சொன்ன பெரியவர், "மூழ்கிப் போயிருக்கலாம் என்று எழுதியிருக்கிறது, அம்மா" என்றார். அப்புறம் அந்த வீட்டில் எழுந்த ஓலத்தைக் கேட்பானேன்! கால் மணி நேரம் கழித்து யாரோ உறைக்குள் கையை விட்டு இரண்டாவது தாளை எடுத்தார்கள். செம்படவர் ஒருவர் கரை சேர்த்துவிட்டார், பிள்ளை சௌக்கியம் என்று அதில் கண்டிருந்தது.

பெரியவரைக் குறை சொல்வதற்கில்லை. கதி தெரியாதவனைப் பற்றித்தான் நாம் 'போயிருக்கலாம்' என்போம். இங்கிலீஷில் அதற்கு 'மே ஹாவ்' உண்டு. 'மைட் ஹாவ்' அந்த ஸந்தேகத்துக்கும் வரும். அருகில் வந்து விலகிப்போன அபாயத்துக்கும் வரும். பின்னதைத் தமிழில், "நல்ல வேளை, இல்லாவிட்டால் மூழ்கியே போயிருப்பார்" என்றல்லவா சொல்லவேண்டும்? எது பொருள் என்பதை அடுத்த வாக்கியம்தான் காட்டும். அதுவோ உறைக்குள் கிடந்தது! இக்காலத்தில் இங்கிலாந்துப் பத்திரிகைகளே பிழைத்தவனைப் பற்றியும் 'மே ஹாவ்' என்று எழுதுவதுண்டு. என் வகுப்பில் எழுதினால் அரை மார்க் போய்விடும்.

'கேன்' வேறு ஜாதி. "இன்று மாலை மழை பெய்யலாம்" என்பதைப் பிள்ளைகள் 'இட் கேன் ரெய்ன்' என்று எழுதிவிடுகிறார்கள். இன்றைய மாலைக்கு 'மே' அல்லது 'மைட்' என்பதே பொருந்தும். உதகமண்டலத்தில் சித்திரையிலும் குளிர்வதுண்டு என்று ஊரின் இயல்பைச் சொல்லும்போதுதான் 'கேன்' வரும். அதன் இறந்தகாலமான 'குட்' என்ற சொல்லில், உச்சரிப்பில் வராத ஓர் 'எல்' எழுத்து இருக்கிறதே, அது ஆதியில் கிடையாது. 'உட்', 'ஷுட்' என்ற சொற்களைப் பார்த்து 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் வந்து ஒட்டிக்கொண்டது.

எதிர்மறையில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். வைத்தியர், 'இட் மே நாட் பீ டைபாய்ட்' என்றால், டைபாய்டாக இல்லாமலும் இருக்கலாம் என்று மட்டுமே பொருள்; கவலை தீரவில்லை. 'இட் கேனாட் பீ' என்றால் அது டைபாய்டாக இருக்கவே முடியாது. இரண்டையும் ஒன்றாகக் கொண்டு மருந்தை நிறுத்திவிட்டால் என்ன ஆவது?

அந்தக் கல்கத்தாப் பிள்ளை அவ்வருஷம் தீபாவளிக்கு ஊர் வந்தார். அம்மாள் அவரைக் கோயில் குளத்தின் முதல் படிக்குக் கீழே இறங்க விடவில்லை.