மூணு வயசுக்கு மூலதனம் எவ்வளவு சார்?

கல்யாணமாகாத வாசகர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விட வேண்டாம். இன்னும் ஐந்தாறு வருஷத்தில் உங்களிடமும் யாராவது ஓர் அட்டைப்பெட்டியைக் காட்டி, “இதை வாங்கலேன்னா உங்க குழந்தையோட மூளை வளர்ச்சி...” என்று முடிக்காமல் இழுக்கத்தான் போகிறார்கள். அந்த இழுப்பில்தான் இருக்கிறது வியாபாரமே!

நான் பி.காம். டெபிட், கிரெடிட், தேய்மானம் தவிர வேறெதையும் காலேஜ் எனக்குக் கற்றுத் தரவில்லை. மனைவிக்கு பேங்க் உத்தியோகம். காலை எட்டரைக்குக் கிளம்பினால் ராத்திரி ஏழு மணிக்குத்தான் தலை தெரியும். நான் வீட்டில் உட்கார்ந்து எழுதிப் பிழைப்பவன். மகளுக்கு நாலு வயசு. ஒண்ணாம் வகுப்பு வரைக்கும் வீட்டிலேயே சொல்லிக் கொடுப்பது என்று இரண்டு பேரும் பேசி முடிவு செய்தோம். 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் 6 வயசிலிருந்து 14 வயசு வரைக்கும்தான் பேசுகிறது. எனவே போலீஸ் வரவில்லை. அண்ணன்தான் வந்தார்.

“ஏண்டா, மத்த பசங்க எல்.கே.ஜி.யில ரைம்ஸா கொட்டுதுங்க. இவ பருப்பு டப்பாவை உருட்டிக்கிட்டு இருக்கா. நாளைக்கு ஒண்ணாங்கிளாஸ்ல திருதிருன்னு முழிக்கட்டும்னு பார்க்கிறியா?”

பகலில் சிரித்து மழுப்பிவிடலாம். ராத்திரி பதினோரு மணிக்கு, குழந்தை தூங்கிய பிறகு, அதே கேள்வி ஃபேன் சத்தத்தோடு சேர்ந்து சுற்றும். அந்த நேரம் பார்த்து போனைத் திறந்தால் போச்சு. ‘பிரெய்ன்’, ‘ஜீனியஸ்’, ‘ஸ்மார்ட்’ என்று ஏதாவது ஒன்றைப் பெயரில் சூட்டிக்கொண்டு பெட்டி பெட்டியாக வரிசையில் நிற்கும்.

எதிர் ஃப்ளாட் நண்பர் 14,500 ரூபாய்க்கு ஒரு செட் வாங்கினார். மாசத் தவணை. முதல் வாரம் பையன் அதிலிருந்த அட்டைகளைப் பார்த்து ஒப்பித்தான். இரண்டாவது வாரம் அதே அட்டைகளைக் கிழித்து பஸ் டிக்கெட் கொடுத்தான். மூன்றாவது வாரம் பெட்டியைக் கவிழ்த்துக் காலி செய்துவிட்டு, அதற்குள் தானே ஏறி உட்கார்ந்து ‘போலாம் ரைட்’ என்றான். நண்பர் பரிதாபமாகக் கேட்டார்: “சார், பெட்டியை மட்டும் தனியா விக்கிறாங்களா?”

ஒரு தடவைக்கு என்ன விலை?

இங்கேதான் என் பி.காம். மூளை வேலை செய்தது. ஒரு பொருளின் விலையைக் குழந்தை தானாகப் போய் எடுத்து விளையாடிய தடவைகளால் வகுத்துப் பாருங்கள். ‘தானாக’ என்பது முக்கியம். நாம் பிடித்து உட்கார வைத்த தடவைகள் கணக்கில் சேராது.

நண்பரின் செட் தாராளமாகப் பத்து தடவை என்றாலும், ஒரு ஆட்டத்துக்கு 1,450 ரூபாய். மல்டிப்ளெக்ஸ்கூடத் தோற்றது! எங்கள் வீட்டில் மரக்கட்டைகள் உண்டு. தச்சரிடம் சொல்லி, மிஞ்சிய துண்டுகளை முனை மழுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வாங்கியவை. கூலி 300 ரூபாய். ஒரு வருஷமாகத் தினமும் வெளியே வருகின்றன. ஆட்டத்துக்கு ஒரு ரூபாய்கூட விழவில்லை.

‘அது சரி, வாங்கின பிறகுதானே இந்தக் கணக்கு? வாங்குவதற்கு முன்னாலேயே தெரிந்துகொள்வது எப்படி?’ என்று கேட்பீர்கள். கடையில் நின்றபடியே கேட்டுக்கொள்ள மூன்று கேள்விகள் இருக்கின்றன.

தப்பைச் சொல்வது யார்?

1907-ல் ரோம் நகரத்தில், சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் குழந்தைகளுக்கென்று ஓர் இல்லம் திறந்தார் டாக்டர் மரியா மாண்டிசோரி. அவருடைய சாதனங்களில் ஒன்று, பத்துக் குழிகள் உள்ள மரக்கட்டை. அவற்றில் பொருந்தப் பத்து உருளைகள். ஒன்றை இடம் மாற்றிச் செருகினால் கடைசியில் ஒன்று நிச்சயம் உள்ளே போகாது, அல்லது தொளதொளவென்று ஆடும். ‘தப்பு’ என்று டீச்சர் சொல்ல வேண்டியதே இல்லை. கட்டையே சொல்லிவிடும். குழந்தை தலையைச் சொறிந்துகொண்டு மறுபடி ஆரம்பிக்கும்.

இந்த அம்மையார் நமக்கு அந்நியர் இல்லை. 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்தார். உலக யுத்தம் வெடித்தது. அவர் இத்தாலிக்காரர் என்பதால் திரும்பிப் போக முடியவில்லை. 1946 வரை இங்கேயே இருந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். நடுவில் கொடைக்கானலிலும் இருந்தார்.

அசல் மாண்டிசோரி சாதனங்கள் விலை அதிகம். ஆனால் அந்தச் சங்கதி நம் சமையலறையிலேயே இருக்கிறது. சின்னதும் பெரிசுமாக ஆறு எவர்சில்வர் டப்பாக்களை மூடியைக் கழற்றிக் கொடுங்கள். ஒரு மூடி மாறினாலும் கடைசி டப்பா மூடாது. அதே வேலைதான்!

இந்தக் கேள்வியில் அடிபடுவது ஃபிளாஷ் கார்டு. ஆப்பிளை ஆரஞ்சு என்றால் அட்டை பேசாமல் இருக்கும். பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து ‘நோ... தப்பு’ என்று சொல்ல வேண்டும். அப்பா என்ற பதவி போய் எக்ஸாமினர் பதவி வந்துவிடும். சம்பளமும் கிடையாது.

வேலை செய்வது யார்?

பட்டனை அமுக்கினால் பாட்டு, லைட், குதிரை கனைப்பு. பத்து நிமிஷம் வீடே கலகலக்கும். கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அங்கே விளையாடுவது பேட்டரி! குழந்தை பால்கனி டிக்கெட்டில் உட்கார்ந்து பார்க்கிறது, அவ்வளவுதான்.

போனில் வரும் ‘கல்வி’ விளையாட்டுகளுக்கும் இது பொருந்தும். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. 2 முதல் 4 வயசுக் குழந்தைகள் உட்கார்ந்து திரையைப் பார்ப்பது நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்கிறது அது. ஆப்பில் யானை பார்த்தாலும் அது திரைதான் சார்.

நாளைக்கு இது என்னவாகும்?

கிண்டர்கார்டன் என்ற வார்த்தையைக் கொடுத்தவர் ஜெர்மனியின் ஃபிரெட்ரிக் ஃப்ரோபெல். 1837-ல் சின்னக் குழந்தைகளுக்காகப் பள்ளி தொடங்கி, 1840-ல் அதற்கு ‘குழந்தைகளின் தோட்டம்’ என்று பெயர் வைத்தார். அவர் குழந்தைகளுக்குக் கொடுத்த சாமான்கள் என்ன தெரியுமா? கம்பளி நூல் பந்துகள், மர உருண்டை, மர உருளை, மரக் கனசதுரம். இவ்வளவு எளிமையாகத்தான் ஆரம்பித்தார்.

காரணம் இருக்கிறது. பஸ் மாதிரியே செய்த பொம்மை பஸ், என்றைக்கும் பஸ்தான். வெறும் மரக்கட்டை இன்றைக்கு பஸ், நாளைக்கு இட்லி, நாளன்றைக்கு பேங்க் கவுன்ட்டர். (எங்கள் வீட்டில் கவுன்ட்டர்தான் அதிகம். நான் க்யூவில் நிற்பேன். ‘லஞ்ச் டைம்’ என்று விரட்டுவாள்.)

இந்த மூன்று கேள்விகளிலும் பாஸாகும் நம் ஊர்ச் சரக்குகள் நிறைய. அம்பாசமுத்திரம் பக்கத்து மரச் சொப்பு சாமான். பதினாலு குழி பல்லாங்குழி. அதில் ஒவ்வொரு குழியாக முத்து போட்டுக்கொண்டே போனால் ஒன்றுக்கு ஒன்று என்ற எண்ணிக்கை தானாக விரலில் ஏறும். பரணில் கிடக்கும் படியையும் ஆழாக்கையும் இறக்கி, ஒரு தாம்பாளத்தில் அரிசி கொட்டிக் கொடுங்கள். எட்டு ஆழாக்கு போட்டால் படி நிறையும் என்பதை அவள் கை கண்டுபிடிக்கும். பின்னக் கணக்கு ஸ்கூலில் வரும்போது, ‘இது நம்ம பழைய ஃப்ரெண்டு’ என்று அடையாளம் தெரியும்.

பென்சிலுக்கு என்ன அவசரம்?

என் அண்ணனைப் போன்றவர்களின் பெரிய கவலை, எழுத்து. பிறக்கும்போது நம் மணிக்கட்டின் எட்டுச் சிறு எலும்புகளும் குருத்தெலும்பாகத்தான் இருக்கின்றன. அவை ஒவ்வொன்றாக எலும்பாகிக்கொண்டே வரப் பல வருஷம் பிடிக்கும். நாலு வயசில் அந்த வேலை பாதியில் நிற்கிறது. அதனிடம் போய் நாலு கோடு நோட்டை நீட்டி ‘பத்துப் பக்கம் எழுது’ என்றால் கை வலிக்கும். வலியோடு சேர்ந்து எழுத்தும் கசக்கும்.

கைக்கு முதலில் பலம் வரட்டும். சப்பாத்தி மாவு பிசைவது, பட்டாணி உரிப்பது, கோலப்பொடியைக் கிள்ளி வைப்பது, துணிக்கு க்ளிப் மாட்டுவது எல்லாம் பென்சில் பிடிக்கும் மூன்று விரல்களுக்கான உடற்பயிற்சி. பிறகு தட்டில் மணல் பரப்பி விரலால் எழுதலாம். திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்து டெக்னாலஜி. அழிக்க ரப்பர்கூட வேண்டாம், ஒரு குலுக்கு போதும்.

எந்த எழுத்தில் ஆரம்பிப்பது? ‘அ’ பார்க்க அழகு. ஆனால் சுழி, வளைவு, கோடு என்று சகலமும் உண்டு. ட, ப, ம மூன்றும் கையை அதிகம் சுழற்றாத எழுத்துகள். ஒரு புள்ளி வைக்கக் கற்றுக்கொண்டால் படம், மடம், பட்டம் என்று மூன்று வார்த்தை கையில். மொத்தம் 247 எழுத்து என்று சொல்லிப் பயமுறுத்துவதைவிட, மூன்றெழுத்தில் ஒரு பட்டம் பறக்கவிட்டால் குழந்தை மேலே பார்க்கும்.

இதில் மட்டும் சிக்கனம் கூடாது

ஒன்று, பாதுகாப்பு. 31.7 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு சின்ன உருளையை வைத்துத்தான் பொம்மைகளைச் சோதிக்கிறார்கள். பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம். அதற்குள் முழுசாக அடங்கும் எதுவும் 3 வயசுக்குக் கீழ் இருப்பவர் கையில் கூடாது, தொண்டையை அடைக்கும். பல்லாங்குழி முத்துக்கும் இது பொருந்தும். பெரிய குழந்தையானாலும் பக்கத்திலேயே இருங்கள். குன்றிமணி பார்க்க அழகு, ஆனால் கொடிய விஷம். வேண்டவே வேண்டாம். பொத்தான் பேட்டரியை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்து போகலாம். 14 வயசுக்குக் கீழ் உள்ளவர்களுக்கான பொம்மைகளில் 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் (பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு). பெட்டியில் ‘ஜீனியஸ்’ என்ற வார்த்தையைத் தேடுவதற்கு முன்னால் அந்த முத்திரையைத் தேடுங்கள்.

இரண்டு, புத்தகம். பக்கத்துக்கு ஓரிரு வரி இருந்தால் போதும். வரியில் இல்லாத ஏதோ ஒன்று படத்தில் இருக்க வேண்டும். கதையில் வராத பூனை ஒன்று மூலையில் தூங்குகிறது என்றால் குழந்தை அதைத்தான் முதலில் கண்டுபிடிக்கும். இன்னொரு சோதனை: நாற்பதாவது தடவையும் உங்களால் அலுக்காமல் படிக்க முடியுமா? ஏனென்றால் படிக்கத்தான் போகிறீர்கள். 1957-ல் தொடங்கிய நேஷனல் புக் டிரஸ்ட், சென்னையில் 1996-ல் தொடங்கிய தூலிகா போன்ற இடங்களில் தமிழில் நல்ல படப் புத்தகங்கள் கிடைக்கும். காசே இல்லையென்றாலும் கவலையில்லை. பிரதம் புக்ஸ் 2015-ல் ஆரம்பித்த ஸ்டோரிவீவரில் தமிழ்க் கதைகளை இலவசமாக எடுத்து அச்சடித்துக்கொள்ளலாம்.

எந்தப் பெட்டியிலும் இல்லாதது

அண்ணன் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. வீட்டில் எவ்வளவு சாமான் சேர்த்தாலும் சண்டை போட ஒரு சக குழந்தை வேண்டும். பந்தைப் பிடுங்க ஓர் ஆள், பிடுங்கிய பிறகு சமாதானம் பேச ஓர் ஆள். இது எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை. அதனால் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் பேனாவை மூடிவிட்டு மகளை பார்க்குக்கு அழைத்துப் போய்விடுகிறேன். அன்றைய எடிட்டர் போன் எதுவானாலும் ஏழு மணிக்கு மேல்தான்.

‘அதெல்லாம் வீட்டில் இருக்கிற உங்களுக்குச் சரி, ஆபீஸ் போகிறவன் என்ன செய்ய?’ என்கிறீர்களா? குஜராத்தில் கிஜுபாய் பதேகா என்று ஒரு வக்கீல் இருந்தார். மகன் பிறந்த பிறகு குழந்தைகள் எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்று தேடத் தொடங்கி, கடைசியில் வக்கீல் தொழிலையே விட்டார். 1920-ல் பாவ்நகரில் பால மந்திர் ஆரம்பித்தார். ஜனங்கள் அவருக்கு வைத்த பெயர், ‘மீசை வைத்த அம்மா’! உங்களை ராஜினாமா செய்யச் சொல்லவில்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் அரை மணி நேரம், போனை வேறு ரூமில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தால் போதும். மீசை உங்கள் இஷ்டம்.

ஆகவே, இந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டி வாங்கக் கிளம்பும் முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். கத்தி, கண்ணாடிச் சாமான்களை மேலே ஏற்றிவிட்டு, சமையலறை அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்து வையுங்கள். குழந்தை எதை எடுக்கிறது, எத்தனை தடவை எடுக்கிறது என்று வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். என்ன வாங்கலாம், வாங்கத்தான் வேண்டுமா என்பதை அதுவே சொல்லிவிடும்.

அந்த டப்பா சத்தத்துக்கு உங்கள் வீட்டுக்காரம்மா என்ன சொல்வார் என்பதற்கு மட்டும் நான் பொறுப்பில்லை!