மண்சாலையும் மலையேற்றமும்: கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு பந்தயக் கணக்கு

பல நாட்கள் நீளும் சரளைச்சாலை மிதிவண்டிப் பந்தயம், வழவழப்பான தார்ச்சாலையில் நடக்கும் பந்தயத்துக்கும், பாறையும் வேரும் நிறைந்த ஒற்றையடித் தடத்தில் நடக்கும் ‘மவுண்டன் பைக்’ பந்தயத்துக்கும் இடையே உருவாகி, கடந்த இருபது ஆண்டுகளில் தனக்கென ஒரு வண்டியையும் ஒழுங்கையும் வகுத்துக்கொண்ட விளையாட்டாகும். இதில் இரு வகைகள் உள்ளன. ஒவ்வொரு நாளும் குறிப்பிட்ட தூரத்தை ஓட்டி, மாலையில் முகாமில் உண்டு உறங்கி, எல்லா நாட்களின் நேரத்தையும் கூட்டி வெற்றியாளரைத் தீர்மானிப்பது ஒரு வகை. இதைக் கட்டப் பந்தயம் எனலாம். தொடக்கப் புள்ளியில் ஓடத் தொடங்கிய கடிகாரம் முடிவுக் கோடு வரை நிற்காமல் ஓட, உணவு, பழுதுபார்ப்பு, உறக்கம் ஆகிய எல்லாவற்றையும் வீரர் தாமே பார்த்துக்கொள்வது மற்றொரு வகை. இது தற்சார்புப் பந்தயம். மேற்கே ஏலமலைத் தொடரும் கிழக்கே மேகமலைத் தொடரும் அரணாக நிற்கும் கம்பம் பள்ளத்தாக்கு, இவ்விளையாட்டின் இயல்பை விளக்குவதற்கும், எந்த வகை எந்த நிலத்துக்குப் பொருந்தும் என்பதை ஆராய்வதற்கும் மிகப் பொருத்தமான நிலப்பரப்பாகும்.

இவ்விளையாட்டு புதியது என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும், மலைமேல் நடந்த மிதிவண்டிப் பந்தயங்கள் தொடக்கத்தில் மண்ணிலும் சரளையிலும்தான் நடந்தன. 1910-இல் ‘டூர் த பிரான்ஸ்’ பந்தயம் முதன்முறையாகப் பிரெனீஸ் மலைத்தொடரின் 2,115 மீட்டர் உயரமுள்ள தூர்மலே கணவாயைக் கடந்தபோது அங்கே தார் இல்லை. கால்நடைகளும் வண்டிகளும் மிதித்த மலைப்பாதையே இருந்தது. மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1913-இல், அதே கணவாயிலிருந்து இறங்கும்போது யூஜீன் கிறிஸ்தோஃப் என்ற பிரெஞ்சு வீரரின் வண்டியில் முன்சக்கரத்தைத் தாங்கும் கவை முறிந்தது. பிறர் உதவியை விதிகள் தடைசெய்திருந்ததால், அவர் வண்டியைச் சுமந்து 10 கிலோமீட்டருக்கு மேல் நடந்து, செயின்ட் மரி த கம்பான் என்ற சிற்றூரின் கொல்லுப்பட்டறையை அடைந்து, பந்தய அதிகாரிகள் பார்த்துக்கொண்டிருக்கத் தம் கையாலேயே இரும்பைக் காய்ச்சி அடித்துக் கவையைச் சரிசெய்தார். பட்டறையில் துருத்தி ஊதிய சிறுவனின் உதவியைப் பெற்றார் என்பதற்காக அவருக்கு நேர அபராதம் விதிக்கப்பட்டது. அந்த அபராதம் இன்று கொடுமையாகத் தோன்றினாலும், அதற்கு அடிப்படையான தற்சார்புக் கொள்கை மறையவில்லை; சாலைப் பந்தயத்தில் உதவி வண்டிகள் பெருகியபின், அக்கொள்கை நூறாண்டு கழித்துச் சரளைச்சாலைக்கு இடம்பெயர்ந்தது என்றே கொள்ள வேண்டும்.

இன்றைய பந்தயங்களில் இரு வகைகளும் உள்ளன. நெல்சன் ட்ரீஸ் என்பவர் 2018-இல் கிர்கிஸ்தானில் தொடங்கிய ‘சில்க் ரோடு மவுண்டன் ரேஸ்’, 1,700 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவை மலைப்பாதைகளிலும் மேய்ச்சல் நிலங்களிலும் கடக்கச் செய்யும் தற்சார்புப் பந்தயம். கென்யாவில் 2021 முதல் நடக்கும் ‘மைக்ரேஷன் கிராவல் ரேஸ்’, ஏறத்தாழ 650 கிலோமீட்டரை நான்கு நாட்களில் கடக்கும் கட்டப் பந்தயம்; வனவிலங்குகள் நடமாடும் மசாய் மக்களின் நிலம் வழியே அது செல்கிறது. நேபாளத்தின் ‘யாக் அட்டாக்’, 5,416 மீட்டர் உயரமுள்ள தோராங் லா கணவாயைத் தன் பந்தயத் தடத்தில் சேர்த்தது. இந்தியாவில் ஹிமாச்சலப் பிரதேசத்தின் ‘எம்.டி.பி. ஹிமாலயா’ 2005-இலிருந்து பல நாள் மலைப் பந்தயத்தை வளர்த்தெடுத்தது. தமிழகத்தை ஒட்டி இவ்வகையில் நெருங்கி வருவது 2008 டிசம்பரில் தொடங்கிய ‘டூர் ஆஃப் நீலகிரிஸ்’. அது தார்ச்சாலையில் நடக்கும் பயணம். சில பகுதிகளில் மட்டுமே நேரம் கணக்கிடப்படுகிறது. ஆயினும் மசினகுடியிலிருந்து உதகைக்கு ஏறும் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளைப் பல நாள் ஓட்டத்தின் களைப்போடு ஏறுவது எத்தகையது என்பதைத் தென்னிந்திய வீரர்களுக்குக் கற்பித்த பெருமை அதற்கு உண்டு.

இத்தகைய மலையேற்றத்தின் விலை என்ன என்பதை, நம் பகுதியின் போடிமெட்டுச் சாலையை வைத்துக் கணக்கிடலாம். அடிவாரத்து முந்தல் ஊரைத் தாண்டி வளைந்து வளைந்து ஏறும் இச்சாலை, போடிநாயக்கனூரின் தரைமட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயர்ந்து கேரள எல்லையைத் தொடுகிறது. வீரரின் எடை 62 கிலோ, வண்டி 10 கிலோ, தண்ணீரும் கருவிகளும் 3 கிலோ என மொத்தம் 75 கிலோ எனக் கொண்டால், இவ்வளவு எடையை 1,000 மீட்டர் உயர்த்துவதற்கு மட்டும் ஏறத்தாழ 735 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். சீராக 175 வாட் திறனில் மிதிக்கும் ஒருவருக்கு, காற்றையும் சாலை உராய்வையும் சேர்க்காமலே, இது 70 நிமிட வேலை. மனிதத் தசை தான் எரிக்கும் உணவாற்றலில் நான்கில் ஒரு பங்கையோ ஐந்தில் ஒரு பங்கையோதான் இயக்கமாக மாற்றுகிறது. எஞ்சியது வெப்பமாகி வியர்வையோடு வெளியேறுகிறது. ஆகவே இந்த ஒரே ஏற்றத்துக்கு 700 முதல் 880 கிலோகலோரி வரை செலவாகும். தசையிலும் கல்லீரலிலும் உடல் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்தான கிளைகோஜன் 2,000 கிலோகலோரிக்கு மேல் அரிதாகவே போகும் என்பதால், ஒரே நாளில் இத்தகைய ஏற்றங்கள் இரண்டு வந்தாலே கையிருப்பு ஏறக்குறையத் தீர்ந்துவிடுகிறது.

பல நாள் பந்தயத்தின் உயிர்நாடி இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஒரு நாள் பந்தயத்தில் கையிருப்பை முழுவதும் செலவழித்து வெல்லலாம். அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் ஏற வேண்டியிருக்கும்போது, இன்றைய வேகம் நாளைய கடனாக வந்து நிற்கும். எனவே தேர்ந்த வீரர் பசிக்கும் முன்பே உண்ணத் தொடங்கி, மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்தை வண்டியில் அமர்ந்தபடியே எடுத்துக்கொள்கிறார். குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் குடலில் வெவ்வேறு வழிகளில் உறிஞ்சப்படுவதால், இரண்டும் கலந்த உணவு ஒன்றை மட்டும் உண்பதைவிட அதிக ஆற்றலைத் தருகிறது. இக்கலவையைப் பந்தய உணவு நிறுவனங்கள் பொட்டலமாகக் கட்டி விற்கின்றன. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையிலோ அவ்விரு சர்க்கரைகளும் இயற்கையாகவே ஏறத்தாழச் சம அளவில் உள்ளன. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் மாவுச்சத்து உண்டு என்பதால், மணிக்கு மூன்று பழம் என்பது வீரருக்குப் போதுமான அளவு. வாழையும் திராட்சையும் விளையும் இப்பள்ளத்தாக்கில் உணவு நிலையம் அமைப்பவர் இறக்குமதிப் பொட்டலங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. வியர்வையில் இழக்கும் உப்பை ஈடுசெய்ய உப்பிட்ட மோர் போதும்.

எடையைக் குறைப்பதில் புதியவர்களுக்கு இருக்கும் மோகத்தையும் இக்கணக்கு தெளிவிக்கிறது. ஒரு கிலோ கூடுதல் சுமை, மேற்சொன்ன 70 நிமிட ஏற்றத்தில் ஒரு நிமிடத்துக்கும் குறைவான தாமதத்தையே உண்டாக்கும். ஆனால் சரளையில் டயர் கிழிந்து, மாற்று டியூபோ பம்போ இல்லாமல் நின்றால் அன்றைய நாளே பறிபோகலாம். ஆகவேதான் சரளை வண்டியில் 40 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் அகலமான டயர்கள் பூட்டப்படுகின்றன. அவற்றுள் டியூபுக்குப் பதிலாக லேட்டக்ஸ் கலந்த திரவம் ஊற்றப்பட்டிருக்கும். முள்ளோ கல்லோ துளைக்கும்போது அத்திரவம் துளையில் பாய்ந்து உறைந்து அடைத்துவிடும். காற்றழுத்தமும் தார்ச்சாலை டயரில் உள்ளதைவிடப் பாதியளவே இருக்கும். அழுத்தம் குறைந்த டயர் கல்லின்மேல் துள்ளாமல் கல்லை உள்வாங்கி உருள்வதால், வீரரின் கைகளுக்கும் முதுகுக்கும் அதிர்ச்சி குறைகிறது. மூன்றாம் நாள் காலையில் ஹேண்டில்பாரைப் பிடிக்க விரல்கள் மடங்குமா என்பது பெரும்பாலும் முதல் நாள் காலையில் அடித்த காற்றின் அளவைப் பொறுத்தது.

ஏற்றத்தில் சேர்த்த ஆற்றல் இறக்கத்தில் எங்கோ போய்த்தான் ஆக வேண்டும். அதே 735 கிலோஜூலும் காற்றுத் தடையிலும், டயரிலும், பிரேக்கிலும் கரைகிறது. வளைவுகள் நெருங்கிய இறக்கத்தில் காற்றின் பங்கு குறைந்து, பெரும்பகுதி வட்டத்தகட்டு பிரேக்கில் வெப்பமாகிறது. அவ்வளவு வெப்பமும் தண்ணீரில் இறங்கினால் இரண்டு லிட்டருக்கு மேல் கொதித்துவிடும். இடைவிடாமல் பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்குபவரின் பிரேக் கட்டை பளபளத்து வழுக்கத் தொடங்குவது இதனால்தான். வளைவுக்கு முன் அழுத்தமாகப் பிடித்து, வளைவுக்குள் விட்டு, தகடு ஆற இடம் கொடுப்பதே முறை. சரளையில் வளைவுக்குள் முன் பிரேக்கைத் தொட்டால் சக்கரம் பக்கவாட்டில் நழுவிவிடும். கிழக்கு ஆப்பிரிக்க வீரர்களின் வழிகாட்டியாக விளங்கிய கென்யாவின் சுலைமான் கங்காங்கி, 2022 ஆகஸ்டில் அமெரிக்காவின் வெர்மான்டில் நடந்த சரளைப் பந்தயமொன்றில் அதிவேகத்தில் விழுந்து உயிரிழந்தார் என்பதை, இறக்கத்தை இளைப்பாறும் நேரமாகக் கருதும் எவரும் நினைவில் கொள்ள வேண்டும்.

உயரத்தின் தாக்கம் கம்பம் பள்ளத்தாக்குப் பகுதியில் பெரிதன்று. தோராங் லாவில் காற்றழுத்தம் கடல்மட்ட அளவில் ஏறத்தாழப் பாதியே. 3,000 மீட்டரில் எழுபது விழுக்காடு. மேகமலையின் தேயிலைத் தோட்டங்கள் இருக்கும் சுமார் 1,500 மீட்டரிலோ எண்பது விழுக்காட்டுக்கு மேல். இங்கே வீரரைச் சோதிப்பவை வெயிலும் காற்றுமே. தென்மேற்குப் பருவகாலத்தில் மலை இடைவெளிகள் வழியே கேரளப் பக்கத்திலிருந்து இறங்கும் காற்று பள்ளத்தாக்கின் நீளவாட்டில் வீசுகிறது. தேனி, ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை தேனியிலிருந்து கம்பத்தை நோக்கி மிதிப்பவர், சமதளத்திலேயே ஒரு மலையை எதிர்கொள்கிறார் எனலாம்.

இவ்வளவும் வீரரின் கணக்கு. நிலத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. பந்தயம் நடத்த எண்ணுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். சின்னமனூரிலிருந்து மேகமலையின் ஹைவேவிஸ் செல்லும் சாலையும், அதற்கப்பால் மணலாறு, இரவங்கலாறு பக்கம் கிளைக்கும் தோட்டப் பாதைகளும் இவ்விளையாட்டுக்கென்றே அமைந்தவை போலத் தோன்றலாம். ஆனால் இம்மலைகள் 2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தோடு பிணைந்தவை. தென்பழனி சோதனைச் சாவடியைத் தாண்டி இரவில் செல்ல அனுமதி இல்லை. யானையும் காட்டுமாடும் கடக்கும் பாதையில் நள்ளிரவில் தலைவிளக்கோடு தனியே மிதிப்பது விலங்குக்கும் மனிதருக்கும் தீங்கு என்பதால் அத்தடை முற்றிலும் நியாயமானது. எனவே கிர்கிஸ்தான் பாணித் தற்சார்புப் பந்தயத்தை இங்கே கனவிலும் கருதக்கூடாது. விடிந்தபின் தொடங்கி வெயில் தாழுமுன் முடியும் கட்டப் பந்தயமே இம்மண்ணுக்கு உரியது. அதிலும் காட்டுக்குள் செல்லும் பகுதிகளில் நேரக் கணக்கை நிறுத்திவைத்து, வீரர்கள் கூட்டமாக, மெதுவாகக் கடப்பதற்கு விதி செய்ய வேண்டும்.

அடுத்தது பருவம். குரங்கணி மலையில் 2018 மார்ச் 11 அன்று மூண்ட காட்டுத்தீயில் மலையேற்றம் வந்த 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காய்ந்த போதைப்புல் சரிவுகளில் தீ மனிதரைவிட விரைவாக ஏறும் என்பதைத் தேனி மாவட்டம் பெருந்துயரத்தோடு அறிந்தது. அவ்வாண்டே மலையேற்றத்துக்கு ஒழுங்குமுறை விதிகளும் வந்தன. ஆகவே பிப்ரவரி நடுப்பகுதி முதல் கோடை முடியும் வரை மலைமேல் பந்தயம் என்ற பேச்சே எழக்கூடாது. ஜூன் முதல் தென்மேற்குப் பருவக்காற்றும் மழையும், அக்டோபர் முதல் வடகிழக்குப் பருவமழையும் வந்துவிடுகின்றன. நவம்பர் நடுவிலிருந்து மகரவிளக்கு வரை சபரிமலை வாகனங்கள் பெருகி, மேலே செல்பவற்றைக் கம்பம்மெட்டு வழியாகவும் திரும்புபவற்றைக் குமுளி வழியாகவும் விடும் ஒருவழிப் போக்குவரத்து நடைமுறைக்கு வருகிறது. எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால், பொங்கல் முடிந்து ஐயப்ப பக்தர்களின் வாகனங்கள் ஓய்ந்தபின், காடு காய்வதற்குள் கிடைக்கும் மூன்று அல்லது நான்கு வாரங்களே எஞ்சுகின்றன.

அந்த வாரங்களிலும் சாலை வீரர்களுக்கு மட்டும் உரியதாக இருக்காது. கம்பம், தேவாரம், போடி வட்டாரங்களிலிருந்து இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிச்செல்லும் ஜீப்புகள், பெரும்பாலும் பெண்கள் நெருக்கி அமர்ந்திருக்க, விடிவதற்கு முன்பே மெட்டுச் சாலைகளில் ஏறத் தொடங்கி, மாலையில் அதே வேகத்தில் இறங்குகின்றன. தேவாரத்திலிருந்து சாக்கலூத்துமெட்டுக்குச் சாலை வேண்டும் என்று அப்பகுதி மக்கள் நெடுங்காலமாகக் கேட்டுவருவதும், எல்லையைச் சுற்றிச் செல்லும் இத்தினசரிப் பயணத்தின் நேரத்தையும் செலவையும் குறைப்பதற்காகத்தான். பந்தயத்துக்காக மெட்டுச் சாலையை ஒரு காலை அடைத்தால் அவர்களுடைய ஒரு நாள் கூலி போகும். ஆகவே கம்பம்மெட்டிலோ போடிமெட்டிலோ ஏற்றக் கட்டம் வைப்பவர்கள், கடைசி ஜீப் மேலே சென்றபின் தொடக்கக் கொடியை அசைத்து, மாலையில் ஜீப்புகள் திரும்பத் தொடங்குவதற்குள் கடைசி வீரரையும் சாலையிலிருந்து அகற்றும்படி நேரத்தை அமைக்க வேண்டும். காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி, பிற்பகல் இரண்டு மணிக்குள் முடியும் 60 அல்லது 70 கிலோமீட்டர்க் கட்டம் அதற்குப் போதுமானது.