'நம்மகிட்ட மறைக்க என்ன இருக்கு?' - ஜெராக்ஸ் கடையில் தங்கிவிடும் ஆதார்... நாம் கவனிக்க வேண்டியது என்ன?

அம்பத்தூர் ஓ.டி., ஆவடி, பூந்தமல்லி... எந்த ஏரியாவில் ஜெராக்ஸ் கடைக்குப் போனாலும் கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒரு போன் நம்பர் ஒட்டியிருக்கும். 'ஆதாரை இந்த நம்பருக்கு வாட்ஸ்அப் பண்ணிடுங்க' என்பார்கள். நாமும் அனுப்பிவிட்டு, பிரின்ட்டை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவோம். காகிதம் நம் கைக்கு வந்துவிட்டது. ஃபைல்? அது அந்தக் கம்ப்யூட்டரிலேயே, முன்னால் வந்தவரின் பான் கார்டுக்கும் பின்னால் வந்தவரின் பேங்க் பாஸ்புக்குக்கும் நடுவில் கிடக்கும்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் புதிதாக வேலைக்குச் சேரும் ஒருவர் முதல் வாரத்தில் எத்தனை பேரிடம் ஆதார் நகல் கொடுக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். கான்ட்ராக்டர், ஹாஸ்டல், சிம் கார்டு கடை, பேங்க், இ.எம்.ஐ-யில் போன் வாங்கிய கடை. அந்த நகல்கள் பிறகு என்ன ஆகின்றன என்று யாரும் கேட்பதில்லை.

ரேஷன் கார்டும் தப்பவில்லை

'நாம என்ன கோடீஸ்வரரா, நம்ம டேட்டாவை யார் திருடப் போறாங்க?' என்பதுதான் பலரின் எண்ணம். 2021 ஜூனில் வந்த செய்தி அதற்கு பதில் சொன்னது. தமிழ்நாட்டு ரேஷன் பயனாளிகள் சுமார் 50 லட்சம் பேரின் விவரங்கள் ஹேக்கர்கள் புழங்கும் தளம் ஒன்றில் வெளியானதாக, பெங்களூரைச் சேர்ந்த டெக்னிசாங்ட் என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனம் தெரிவித்தது. ஆதார் எண், குடும்ப விவரம், மொபைல் எண் எல்லாம் அதில் இருந்தன. ரேஷன் கார்டு வைத்திருப்பவர்களைவிடச் சாதாரண மக்கள் யார்?

2024 செப்டம்பரில் இன்னொரு அதிர்ச்சி. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள், மருத்துவ அறிக்கைகள் உட்பட, டெலிகிராம் சாட்பாட் மூலம் கிடைப்பதாக ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. பாஸ்வேர்டு போனால் மாற்றிக்கொள்ளலாம். நமக்கு இருக்கும் நோயின் பெயர் வெளியே போய்விட்டால் எப்படி மாற்றுவது?

பெயரைச் சொன்னால் நம்பிவிடுவோம்

'டிஜிட்டல் அரெஸ்ட்' மோசடி பலிப்பதற்கு முக்கியக் காரணமே இதுதான். யாரோ போன் செய்து 'நாங்க போலீஸ்' என்றால் சந்தேகப்படுவோம். அதே ஆள் நம் முழுப்பெயர், அப்பா பெயர், தெருப்பெயர், ஆதாரின் கடைசி நான்கு எண்களை வரிசையாகச் சொன்னால் கை நடுங்கிவிடும். அப்படி ஒரு கைது சட்டத்திலேயே கிடையாது. ஆனால், பதற்றத்தில் அது ஞாபகத்துக்கு வராது.

தனிப்பட்ட தகவல் என்றால் என்ன என்று நம் வீட்டுப் பெண்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ரீசார்ஜ் கடையில் நம்பர் சொல்லத் தயங்கிய அனுபவம் பலருக்கும் உண்டு. அந்தத் தயக்கம் நியாயமானது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி தொடுத்த வழக்கில், அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று 9 நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. அதன்பின் 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. எதற்காகத் தகவல் கேட்கிறார்கள் என்பதைத் தமிழிலேயே தெரிந்துகொள்ளவும், தேவை முடிந்ததும் அழிக்கச் சொல்லவும் இந்தச் சட்டத்தில் இடம் உண்டு. தகவலைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். ஆனால், முக்கியமான பிரிவுகள் நடைமுறைக்கு வர விதிகள் 18 மாத அவகாசம் தந்திருக்கின்றன. அதுவரை நம் கவனம்தான் நமக்குக் காவல்.

இன்றே செய்யலாம்

* கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதாரை' ஆதார் இணையதளத்தில் டவுன்லோடு செய்து, அதையே கொடுங்கள்.

* ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் வந்ததும், கம்ப்யூட்டரில் உள்ள ஃபைலையும் ரீசைக்கிள் பின்னையும் உங்கள் கண்ணெதிரே அழிக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் மட்டும் டெலீட் செய்தால் போதாது.

* காகித நகலில் தேதியையும், எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்பதையும் குறுக்கே எழுதிக் கையெழுத்திடுங்கள்.

* ஆதார் பயோமெட்ரிக்கை லாக் செய்யுங்கள். கைரேகையை நகலெடுத்துப் பணம் எடுக்கும் மோசடிக்கு இது தடை.

* பில் போடும் இடத்தில் போன் நம்பர் கட்டாயமில்லை. நம்பர் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே வணிகர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது.

* 'சஞ்சார் சாத்தி' தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பாருங்கள். தெரியாத நம்பர் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம்.

பணம் பறிபோனால் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, மோசடிக்காரரின் கணக்கில் பணத்தை முடக்க அவ்வளவு வாய்ப்பு. 'வீட்டில் திட்டுவாங்களே' என்று மறைத்து வைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அவர்களுக்குத்தான் லாபம். அதனால், வீட்டில் பெரியவர்களோ பிள்ளைகளோ ஏமாந்துவிட்டதாகச் சொன்னால், கோபத்தைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் போனை எடுங்கள்!