வேர் தேடும் வழி – 9: உழுதவரின் முகவரி உழுத நிலம்தான்

சென்ற வாரம் 1855 ஜனவரி 1-ஆம் தேதியில் வந்து நின்றோம். ஸ்காட்லாந்தில் பிறப்பு, இறப்பு, திருமணம் மூன்றையும் அரசே பதிவுசெய்யத் தொடங்கிய நாள் அது. அந்த முதல் ஆண்டின் சான்றிதழ்கள் தேடுபவருக்குப் பெரும் கொடை. இறந்தவர் எங்கே பிறந்தார், பெற்றோர் யார், பிள்ளைகள் யார், எங்கே அடக்கம் செய்தார்கள் என்று அத்தனையும் கேட்டு எழுதியிருக்கிறார்கள். எழுதி மாளாது என்று கண்டு அடுத்த ஆண்டே கேள்விகளைக் குறைத்துவிட்டார்கள். 1855-க்கு முன்னால் இந்த வசதியே கிடையாது. நாடு ஏறத்தாழ 900 திருச்சபைப் பங்குகளாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொரு பங்கிலும் சபை மூப்பர் குழுவின் எழுத்தர் எழுதிவைத்த ஏடுகளும், கல்லறைத் தோட்டத்துக் கற்களும்தான் நமக்கு மிச்சம். இவற்றுக்குள் ஒரு குத்தகை விவசாயியைத் தேடப் புகும் பெரும்பாலோர் அவருடைய குடும்பப் பெயரையும் பிறந்த ஆண்டையும் பிடித்துக்கொண்டு போகிறார்கள். ஒரே பெயரில் ஐந்தாறு பேர் எதிர்ப்பட்டதும் வழி தவறுகிறார்கள். பிடித்துக்கொள்ள வேண்டியது அவர் உழுத பண்ணையின் பெயர் என்பது என் துணிபு. ஏட்டையும் கல்லையும் ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் வலு அதற்கு மட்டுமே உண்டு.

முதலில் ஏடுகள். இன்று கிடைப்பவற்றுள் மிகப் பழையது பெர்த்ஷயரின் எரோல் பங்கினுடையது, 1553-இல் தொடங்குகிறது. அதைப் பார்த்து எல்லாப் பங்குகளிலும் அத்தனை பழைய ஏடு இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. பல இடங்களில் பதினெட்டாம் நூற்றாண்டுக்கு முன் ஒன்றுமே இல்லை. இருக்கும் ஏடுகளும் நாம் எதிர்பார்ப்பதைச் சொல்வதில்லை. அவை ஞானஸ்நானத்தைப் பதிந்தன. பிறந்த நாள் கூடவே இருந்தால் அது நம் நல்ல காலம். திருமணத்தைவிட, அதை முன்கூட்டிச் சபையில் அறிவிக்கும் ஓலை வாசித்ததையே அதிகம் பதிந்தன. அடக்கத்தின் இடத்தில் பல ஏடுகள் வைத்திருப்பது ஒரு வாடகைக் கணக்கு. சவப்பெட்டியின்மேல் போர்த்தும் துணி சபையின் உடைமை. அதை வாடகைக்கு வாங்கினால் பணம் ஏழைகள் நிதிக்குப் போகும், பெயர் கணக்கில் ஏறும். துணி வாங்க வக்கில்லாதவரின் சாவு எழுதப்படாமலே போனது. 1783 அக்டோபரிலிருந்து 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்னி வரி வேறு. வரிக்கு அஞ்சிப் பிள்ளையின் பெயரைப் பதியாமல் விட்ட பெற்றோர் பலர். 1733-லும் பின்னர் 1843-லும் சபை பிளந்தபோது பிரிந்துபோன குடும்பங்களில் பல, பங்கு ஏட்டிலிருந்தும் மறைந்தன. ஆகவே ஏட்டில் ஒருவர் இல்லை என்பது, அவர் அந்த ஊரில் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

கல்லாவது பொய் சொல்லாது என்று நினைக்கத் தோன்றும். கலப்பைக் கொழுவும் அதன் முன்னே மண்ணைக் கீறும் கத்தியும் செதுக்கிய பதினெட்டாம் நூற்றாண்டுக் கற்கள் ஸ்காட்லாந்தின் கல்லறைத் தோட்டங்களில் உண்டு. மண்டையோடும் மணற்கடிகையும் சாவைச் சொல்ல, கொழு அங்கே கிடப்பவரின் தொழிலைச் சொல்கிறது. உழுதவருக்கு அவருடைய கருவியையே அடையாளமாக வைத்த அந்தச் சிற்பிகளை மனதாரப் போற்ற வேண்டும். ஆனாலும் கல்லை நட்டவர் இறந்தவர் அல்லர். மகனோ பேரனோ கையில் பணம் சேர்ந்தபிறகு நட்டது அது. பல கற்களில் நட்டவர் பெயர்தான் முதல் வரியில் நிற்கிறது. இருபது முப்பது ஆண்டு கழித்து நினைவிலிருந்து சொன்ன தேதிகள் பிசகக்கூடியவை. வயதை எழுதும் வழக்கமும் ஏமாற்றும். 63-ஆம் வயதில் இறந்தார் என்று வெட்டியிருந்தால் அவருக்கு 62 முடிந்து 63 நடக்கிறது என்று பொருள். அதை முடிந்த வயதாகக் கொண்டு கழித்தால் பிறந்த ஆண்டு ஒன்று தள்ளிப்போகும். கல்லில் நான் அதிகம் நம்புவது பெயருக்குப் பின்னால் வரும் அந்தச் சிறு தொடரை: இன்னார், இன்ன பண்ணையில் விவசாயி. குத்தகைக்கு இருந்தவரையும் நிலத்துக்கு உரியவரையும் வேறுபடுத்தி எழுதும் வழக்கம்கூட அந்நாட்டில் உறுதியாக இருந்தது. தேதி மறந்த மகனும் அப்பா உழுத பண்ணையின் பெயரை மறப்பதில்லை.

இதை ஓர் உண்மைக் குடும்பத்தில் வைத்துப் பார்ப்போம். கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் தந்தை வில்லியம் பர்னஸ் 1721-இல் பிறந்தவர், வடகிழக்கே கின்கார்டின்ஷயரைச் சேர்ந்தவர். தந்தையின் பண்ணை நொடித்ததும் 1748-இல் ஊரைவிட்டுக் கிளம்பி, எடின்பரோவில் தோட்டவேலை பார்த்து, 1750-இல் தென்மேற்கே ஏர்ஷயருக்குப் போனார். அலோவே என்ற ஊரில் ஏழரை ஏக்கர் நிலம் பெற்றுத் தம் கையாலேயே மண்சுவர் வீடு கட்டினார். மகனுடைய ஞானஸ்நானம் 1759-இல் பதிவானது ஏர் பங்கின் ஏட்டில். 1690-லேயே அலோவே பங்கை ஏரோடு இணைத்துவிட்டிருந்ததால், அலோவே பெயரில் ஏடு தேடுபவருக்கு ஒன்றும் அகப்படாது. அந்தப் பதிவில் எழுத்தர் குடும்பப் பெயரைப் பர்ன்ஸ் என்று எழுதியிருக்கிறார். குடும்பத்தார் பர்னஸ் என்றும் வேறு விதமாகவும் எழுதிவந்தவர்கள். ராபர்ட்டே 1786-இல்தான் பர்ன்ஸ் என்று கையெழுத்திடத் தொடங்கினார். குடும்பப் பெயர் இப்படி எழுதுபவரின் காதுக்கேற்ப மாறியபோதும், தந்தை அலோவேயில் இருப்பவர் என்ற குறிப்பு அந்தப் பதிவிலேயே தெளிவாக நிற்கிறது. பிறகு வில்லியம் டார்போல்டன் பங்கில் 130 ஏக்கர் லாக்லி பண்ணையைக் குத்தகைக்கு எடுத்தார். நில உரிமையாளரோடு மூண்ட வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம்வரை போய், 1784 ஜனவரியில் அவர் பக்கம் தீர்ந்தது. அதற்குள் உடல் உருக்குலைந்துவிட்டது. பிப்ரவரி 13-ஆம் தேதி லாக்லியிலேயே இறந்தார். அவரை டார்போல்டனில் அடக்கம் செய்யவில்லை. நேர்க்கோட்டில் பார்த்தாலே 17 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அலோவேக்குக் கொண்டுபோனார்கள். இப்போது தேடுபவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். வாழ்ந்து இறந்த பங்கில் கல் இல்லை. கல் இருக்கும் பங்கில் அவர் கடைசி ஆண்டுகளில் குடியிருக்கவில்லை. அலோவேக் கல்லில் இருக்கும் லாக்லி விவசாயி என்ற குறிப்புதான் இரண்டு இடங்களையும் ஒரே மனிதரிடம் கொண்டுவந்து சேர்க்கிறது. முதலில் நட்ட கல்லை நினைவுப்பொருள் தேடி வந்தவர்கள் உடைத்து உடைத்தே எடுத்துச் சென்றுவிட, இன்று நிற்பது பிற்காலக் கல். அதிலும் பண்ணையின் பெயர் விடுபடவில்லை.

இன்னும் மேலே போகலாம். கிளென்பெர்வி கல்லறைத் தோட்டத்தில் இக்குடும்பத்தின் பழைய கற்களைக் கூரையிட்டுக் காக்கிறார்கள். அங்கே கிடப்பவர்களில் ஒருவர் பிராலின்முயர் பண்ணையில் குத்தகைக்கு இருந்த ஜேம்ஸ் பர்னஸ். 1743 ஜனவரியில் 87 வயதில் இறந்தவர், கவிஞரின் கொள்ளுத்தாத்தா. இங்கிலாந்தில் அக்காலத்துப் புத்தாண்டு மார்ச்சில் பிறந்ததால் ஜனவரித் தேதிகளை ஓராண்டு திருத்திப் படிப்பார்கள். ஸ்காட்லாந்து 1600-லேயே ஜனவரி 1-க்கு மாறிவிட்டது. ஆகவே இந்த 1743-ஐத் திருத்தாமல் அப்படியே படிக்க வேண்டும். ஜேம்ஸ் பிராலின்முயரில், அவர் மகன் ராபர்ட் கிளாக்னஹில்லில், அவர் மகன் வில்லியம் அலோவேயிலும் லாக்லியிலும். ஜேம்ஸ், ராபர்ட், வில்லியம் என்ற பெயர்கள் ஸ்காட்லாந்தின் எந்த மூலையிலும் மலிந்தவை. பண்ணையோடு சேர்த்துச் சொன்னால்தான் அவை ஒரு குறிப்பிட்ட வீட்டின் ஆட்களாகின்றன.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் முதலாவது வலுவானது. குத்தகைதாரர் ஒரே இடத்தில் வேரூன்றியவர் அல்லர். குத்தகை முடிந்தால் கிளம்ப வேண்டியவர். வில்லியமே 1757-க்கும் 1777-க்கும் இடையில் மூன்று இடங்களில் குடியிருந்தார். இடம் மாறுகிறவரை இடத்தை வைத்து எப்படிப் பிடிப்பது என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் அந்த இடமாற்றம் தானே ஒரு தடயம். அவர் பிள்ளைகளைப் பாருங்கள். 1759, 1760, 1762, 1764 என்று முதல் நால்வர் அலோவேயில் பிறந்தார்கள்; 1767, 1769, 1771-இல் கடைசி மூவர் மவுண்ட் ஆலிஃபண்ட் பண்ணையில். குத்தகை ஆவணம் ஒன்றுகூட இல்லாமலே, 1764-க்கும் 1767-க்கும் நடுவில் குடும்பம் பெயர்ந்தது என்று சொல்லிவிடலாம். மவுண்ட் ஆலிஃபண்ட் குத்தகை 1765-இல் தொடங்கி 12 ஆண்டுக்கு ஓடியது. 1777-இல் அவர்கள் லாக்லிக்கு வந்ததும் அதனோடு பொருந்துகிறது. குத்தகைகள் மே மாதத்திலோ நவம்பரிலோ தவணை நாளில்தான் கைமாறும். 19 ஆண்டுக் குத்தகை அந்நாட்டில் பரவலான வழக்கம். ஒரு பண்ணையிலிருந்து ஒரு பெயர் மறைகிறபோது, அந்தத் தவணையில் பக்கத்துப் பங்குகளில் எந்தப் பண்ணைக்கு அதே பெயரில் புதியவர் வந்தார் என்று தேட இது இடம் தருகிறது.

பெயரிடும் மரபே போதுமே என்பவர்களும் உண்டு. மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், இரண்டாமவனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர், மூன்றாமவனுக்கு அப்பாவின் பெயர். மூத்த மகளுக்கு அம்மாவழிப் பாட்டி பெயர், இரண்டாமவளுக்கு அப்பாவழிப் பாட்டி பெயர். பர்ன்ஸ் வீட்டில் இதை வைத்துப் பார்த்தால் ராபர்ட், கில்பர்ட், வில்லியம், ஆக்னஸ் நால்வரும் சரியாகப் பொருந்துகிறார்கள். இரண்டாவது மகள் இசபெல்லா ஆகியிருக்க வேண்டும். அவள் பெயர் அன்னபெல்லா. பாட்டி இசபெல்லா கீத்தின் பெயர் மூன்றாவது மகளுக்குத்தான் வந்தது. மரபு துணைக்கு நல்லது. முழுப் பாரத்தையும் அதன்மேல் ஏற்ற முடியாது. அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. அண்ணன் தம்பி நால்வரும் மூத்த மகனுக்கு ஒரே தாத்தா பெயரை வைத்தால், ஒரே பங்கில் ஒரே பெயரில் நான்கு பேரன்கள் வளர்வார்கள். இந்த மரபு எங்கே உறுதியாக இருந்ததோ, அங்கேதான் பண்ணைப் பெயரின் தேவை மிகுதி.

மெயின்ஸ், மில்டன், நியூட்டன் போன்ற பண்ணைப் பெயர்கள் நாடெங்கும் திரும்பத் திரும்ப வருகின்றனவே என்றால், உண்மைதான். பங்கின் பெயரையும் நில உரிமையாளரின் பெயரையும் சேர்த்தால் குழப்பம் பெரும்பாலும் தீரும். 1797-98 குதிரை வரிப் பட்டியல்கள் பண்ணைக் குதிரை வைத்திருந்தவர்களைப் பங்குவாரியாகத் தருகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டு நில அளவையாளர்களின் பெயர்க் குறிப்பேடுகள் ஒவ்வொரு பண்ணைப் பெயரும் எப்படி எப்படி எழுதப்பட்டது என்று சொல்கின்றன. நில உரிமைப் பதிவேடு 1617 முதல் இருந்தாலும், குத்தகைக்காரரை அதில் தேடி நாளை வீணாக்க வேண்டாம்.

பர்ன்ஸ் புகழ்பெற்றவர், அதனால் தடயம் கிடைத்தது என்ற மறுப்புக்கு ஒரு பகுதி இணங்குகிறேன். தந்தை இறந்தபோது மகனின் முதல் நூல் வெளிவரவில்லை. ஞானஸ்நானப் பதிவு, குத்தகை, வழக்கு ஆகியவை எந்தக் குத்தகைதாரரும் விட்டுச்செல்லக்கூடியவைதான். கல்லின் கதை வேறு. கல் நட வசதி வேண்டும். வில்லியமுக்குக் கீழே, பண்ணை ஓரத்துக் குடிசையில் இருந்துகொண்டு பிறர் நிலத்தில் உழைத்தவர்களும், ஆறு மாதத் தவணைக்குக் கூலி பேசிய பண்ணையாட்களும் எண்ணிக்கையில் பெரியவர்கள். குத்தகைக் கணக்கில் அவர்கள் பெயர் இல்லை, கல்லும் இல்லை. உங்கள் முன்னோர் அவர்களில் ஒருவர் என்றால், மூப்பர் குழுவின் நடவடிக்கை ஏடுகளைத் தேடுங்கள். ஒரு பங்கிலிருந்து இன்னொரு பங்குக்குப் போகிற பண்ணையாள், பழைய சபையிடமிருந்து நன்னடத்தைச் சான்று வாங்கிவர வேண்டியிருந்தது. அதைக் கொடுத்ததும் பெற்றதும் அந்த ஏடுகளில் பல இடங்களில் குறிப்பாக இருக்கின்றன. ஏழைகள் நிதியிலிருந்து யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்ற வரிகளும் அங்கேதான். அடுத்த வாரம் அந்த ஏடுகளைத் திறப்போம்.