தப்புக்கு இறுக்கம், ஒலிவாங்கிக்குத் தளர்ச்சி

மலையகத் தோட்டங்களில் விடிகாலைப் பிரட்டுக்குத் தொழிலாளரை அழைத்தது தப்பின் ஓசையாகும். பனிக்காலத்தில் தப்பை எடுத்த எடுப்பிலேயே அடித்துவிட முடியாது. ஈரக்காற்றில் தோல் தொய்ந்து கிடக்கும். காய்ந்த மிலாறை மூட்டி, அந்த அனலில் தோலைக் காட்டி, விரலால் தட்டிப் பார்த்து, அது இறுகிய பின்னரே அடிப்பார்கள். ஒலிபெருக்கி வருவதற்கு முன் பல பள்ளிவாசல்களில் தொழுகை நேரத்தை அறிவித்த நகராவுக்கும் தோலின் இறுக்கமே உயிர்நாடி. ஓசையை எழுப்பும் தோல் இறுக வேண்டும் என்பதை நம்மவர்கள் நன்கறிவர். ஆனால் ஓசையைக் கேட்கும் சவ்வின் கதை இதற்கு நேர்மாறானது.

இன்று குவைத்திலோ கட்டாரிலோ வீட்டுப் பணிப்பெண்ணாக உழைக்கும் மகளுக்கு, ஹட்டனை அடுத்த ஒரு தோட்டத்து லயத்திலிருந்து தாய் அனுப்புவது குரல் பதிவையே. எழுத்து வசப்படாத ஒரு தலைமுறைக்குக் கடிதத்தின் இடத்தை இதுவே பிடித்துக்கொண்டுள்ளது. ஆனால் தகரக் கூரையில் மழை கொட்டும்போது அந்தக் குரலில் பாதி மழையோடு போய்விடுகிறது. குற்றம் முழுவதையும் மழையின் மீது சுமத்திவிட முடியாது. கையடக்கத் தொலைபேசியினுள் ஒரு மில்லிமீற்றர் அளவே அகலமுள்ள சவ்வொன்றுக்கும் அதில் பங்குண்டு.

அந்தச் சவ்வின் பணி எத்தகையதென்று பார்ப்போம். ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றின் அழுத்தம் சுமார் 80,000 பஸ்கல். ஒரு மீற்றர் தூரத்திலிருந்து ஒருவர் இயல்பாகப் பேசும்போது அந்த அழுத்தத்தில் ஏற்படும் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய 0.02 பஸ்கல் மாத்திரமே. அதாவது நாற்பது இலட்சத்தில் ஒரு பங்கு! இந்த அற்ப அசைவை மின்சாரமாக மாற்றிக் கொடுப்பதே ஒலிவாங்கியின் தொழில்.

இன்றைய தொலைபேசிகளில் பெரும்பாலும் இருப்பவை கொள்ளளவி வகை ஒலிவாங்கிகள். அவற்றில் சவ்வுக்கும் அதன் பின்னுள்ள துளைத் தகட்டுக்கும் இடையில் சில மைக்ரோன் இடைவெளியே உண்டு. தூசியும் ஈரமும் அங்கு புகுந்தால் வேலை கெடும். மாதக்கணக்கில் மூடுபனி சூழ்ந்திருக்கும் பிரதேசத்தில் இது சிறிய விடயமல்ல. இதற்கு மாற்றாக வந்ததே அழுத்தமின் ஒலிவாங்கி. வளைந்தால் தானாகவே மின்னழுத்தம் தரும் பொருளினாலேயே அதன் சவ்வு அமைகிறது. பின்தகடும் வேண்டாம், ஒடுங்கிய இடைவெளியும் வேண்டாம்.

இந்த விளைவைப் பியேர் கியூரியும் அவரது தமையன் ஜாக் கியூரியும் 1880இல் கண்டறிந்தனர். கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் மலிவாகக் கிடைத்த பளிங்கு ஒலிவாங்கிகள் ரொஷெல் உப்பினால் ஆனவை. ஈரத்தில் கெட்டுவிடும் அந்த உப்பு நமது மலைநாட்டுக்குச் சற்றும் ஒவ்வாதது. இன்று பயன்படும் அலுமினியம் நைத்திரைட்டுக்கு அந்தக் குறை இல்லை. அதற்கு வேறொரு குறை உண்டு.

வெற்றிட அறையில், உயர்ந்த வெப்பத்தில், சிலிக்கன் தகட்டின் மீது அணு அணுவாகப் படியவைத்தே இந்தப் படலம் உருவாக்கப்படுகிறது. மோதி அமரும் அணுக்கள் நெருக்கியடித்துக்கொள்கின்றன. ஆறும்போது படலமும் சிலிக்கனும் வெவ்வேறு அளவில் சுருங்குகின்றன. விளைவாக, எவரும் தொடாமலேயே படலத்தினுள் ஓர் இறுக்கம் தங்கிவிடுகிறது. பௌதிகவியலில் இதனை எஞ்சிய தகைப்பு என்பர். இது 100 மெகாபஸ்கலை எட்டுவது அபூர்வமன்று. அது வளிமண்டல அழுத்தத்தின் ஆயிரம் மடங்கு. அனலில் காய்ச்சிய தப்பைப் போல் விறைத்து நிற்கும் அந்தச் சவ்வை 0.02 பஸ்கல் எவ்வாறு அசைக்கும்? தகைப்பு எதிர்த்திசையில் அமைந்தாலோ, நண்பகல் வெயிலில் தகரம் புடைப்பது போலச் சவ்வு புடைத்துவிடும்.

இதற்குப் பரிகாரம் தேடியவர்கள் பலர். படலம் படியும்போது வாயுவின் அழுத்தத்தையும் மின்வலுவையும் சீர்செய்து தகைப்பைப் பூச்சியத்துக்கு அண்மையில் கொண்டுவருவது ஒரு வழி. இழுக்கும் படலத்தின் மேல் தள்ளும் படலத்தை அடுக்கி ஒன்றையொன்று ஈடுசெய்ய வைப்பது இன்னொன்று. ஆயினும் ஒரே சிலிக்கன் தகட்டின் நடுவிலும் ஓரத்திலும் தகைப்பு வேறுபடுகிறது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கார்ள் குரோஷுடன் ஆய்வு செய்த ரொபர்ட் லிட்ரெல் முதலானோர் கையாண்ட வழி இவற்றைவிட எளிமையானது என்பது எமது கருத்து. இறுக்கத்தோடு மல்லுக்கட்டாமல், சவ்வை வெட்டிவிட்டார்கள். சதுரச் சவ்வை மூலைவிட்டங்கள் வழியே வெட்டினால் நான்கு முக்கோணங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றும் அடிப்பக்கத்தில் மட்டுமே பிணைந்திருக்க, நுனி நடுவில் சுதந்திரமாக நிற்கும். பிணைப்பு அற்றதும் இழுவை தானாகவே தளர்ந்துவிடுகிறது. மேற்புறத்துக்கும் அடிப்புறத்துக்கும் இடையிலான தகைப்பு வேறுபாட்டால் நுனிகள் சற்றுச் சுருளும் என்பது மெய்தான். ஆனால் நான்கும் ஒரேவிதமாகச் சுருளுவதால் இடையிலுள்ள பிளவு பெரிதாவதில்லை. பெரிதானால் ஒலி அதன் வழியே நழுவி, தாழ்ந்த சுருதிகள் கேளாமற்போகும். பிளவே இல்லாமலிருப்பதும் ஆகாது. கண்டியிலிருந்து ரம்பொடை வழியாக மேலே ஏறும் பஸ்ஸில் காது அடைப்பதை அனுபவித்தவர்களுக்கு இது விளங்கும். இருபுறக் காற்றும் சமப்பட ஒரு சிறு வழி எந்தச் சவ்வுக்கும் தேவை.

இனி மழைக்கு வருவோம். உணர்திறன் கூடினால் தாயின் குரலோடு மழையின் இரைச்சலும் கூடத்தானே செய்யும்? நியாயமான கேள்வி. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட ஒலிவாங்கிகளை வைத்து, அவை கேட்டதை ஒப்பிட்டு இரைச்சலைக் கழிப்பதே தொலைபேசிகளின் உத்தி. அவ்விரண்டும் ஒரே அளவில் கேட்டால்தான் கழித்தல் சரிவரும். ஒன்றின் சவ்வு இறுகியும் மற்றையது தளர்ந்தும் இருந்தால் கணக்குப் பிழைத்து, மழைக்குப் பதிலாகக் குரல் வெட்டுப்படும். எனவே தகைப்பை நீக்குவதன் பயன் கூர்மையாகக் கேட்பது மட்டுமன்று. ஒன்றைப்போல் மற்றதும் கேட்பதாகும். இரண்டாவதே பெரிய பயன் என்போம்.

அழுத்தமின் வகைக்கு இன்னமும் ஒரு பின்னடைவு உள்ளது. அதன் சொந்த இரைச்சல் தரமான கொள்ளளவி வகையினதை விட அதிகம். அலுமினியம் நைத்திரைட்டில் ஸ்கேண்டியம் கலந்தால் அழுத்தமின் விளைவு ஏறத்தாழ ஐந்து மடங்கு வரை உயரும் என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் காட்டினர். ஆனால் ஸ்கேண்டியம் கூடக்கூடத் தகைப்பைக் கட்டுப்படுத்துவது மேலும் கடினமாகிறது. பழைய சிக்கல் புதிய வாசலால் திரும்பி வந்திருக்கிறது.

கடைசியாக ஒன்று. தொலைபேசியின் அடிப்பக்கத்திலுள்ள சிறு துவாரத்தில் தேயிலைத் தூசு அடைத்துவிட்டதென்று ஊசியால் குத்தும் பழக்கம் நம்மிடையே உண்டு. அந்தத் துவாரத்துக்குப் பின்னால் இருப்பது தலைமுடியை விடப் பன்மடங்கு மெல்லிய இந்தச் சவ்வுதான். மென்மையான தூரிகையால் மேலாகத் துடைத்தால் போதுமானது.